கிறிஸ்துமஸ் மரத்தில் ஒட்டியிருக்கும் பழுப்புச் செதில்கள்

கேள்வி: பண்டிகைக்காக வெட்டிய ஃப்ரேசர் ஃபிர் என்ற ஊசியிலை மரம் ஒன்று வாங்கினோம். இலைகளின் அடிப்பக்கம் பழுப்புப் புள்ளிகளும், பஞ்சு போல வெள்ளையாக ஏதோ ஒன்றும் ஒட்டியிருக்கின்றன. பூச்சியா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: செதில் போன்ற ஓடு மூடிய செதில் பூச்சி போலத்தான் தெரிகிறது. ஆனால் கடைக்குப் போகும் முன் ஓர் இலையைக் கிள்ளி, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். ஃபிர் இலையின் அடியில் வெளிறிய இரண்டு கோடுகள் இயல்பாகவே உண்டு. அவை இலை நீளத்துக்கும் சீராக ஓடும். செதில் பூச்சி அப்படியில்லை, அங்கங்கே மேடாக ஒட்டியிருக்கும். நகத்தால் நெம்பினால் பெயர்ந்து வரும். பெண் பூச்சியின் ஓடு தேன் நிறத்திலோ பழுப்பாகவோ, நீளவாக்கில், ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். ஆணுடையது இன்னும் சிறியது, வெள்ளை மெழுகு பூசியது. அதே இலையின் மேல்பக்கத்தில் மஞ்சள் திட்டுகளும் தெரிந்தால், பெரும்பாலும் எலாங்கேட் ஹெம்லாக் ஸ்கேல் என்கிற செதில் பூச்சிதான். வெள்ளைப் பஞ்சு இலையில் இல்லாமல், இலை கிளையோடு சேரும் இடத்தில் உருண்டையாக இருந்தால் அது அசுவினிக்கு நெருங்கிய வேறு பூச்சி.

எலாங்கேட் ஹெம்லாக் ஸ்கேலின் பூர்வீகம் ஜப்பான். அமெரிக்காவில் முதலில் கண்டது 1908-இல், நியூயார்க்கில். இலைச் சாற்றை உறிஞ்சி ஹெம்லாக், ஃபிர், ஸ்ப்ரூஸ் போன்ற ஊசியிலை மரங்களை மெல்ல மெல்ல நலிய வைக்கும். வெட்டிய மரங்களோடும் மலர்வளையங்களோடும் ஊர்விட்டு ஊர் போய்விடுகிறது. 2018-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் விற்பனைக்கு வந்த பண்டிகை அலங்காரங்களிலேயே இதைக் கண்டுபிடித்தார்கள்.

உங்கள் வீட்டில் இது யாரையும் கடிக்காது. பண்டிகை முடியும்வரை மரம் இருக்கட்டும். பணத்தைக் கேளுங்கள், ஆனால் மரத்தைத் திருப்பிக் கொடுக்காதீர்கள் என்பேன். கடைக்காரர் அதைப் பின்பக்கம் வீசிவிட்டால், பூச்சி அங்கிருந்து பரவிச் சிக்கல் இன்னும் பெரிதாகும். பில்லையும், இலையை நெருக்கத்தில் எடுத்த படத்தையும் காட்டினால் போதும். அதே படத்தை உங்கள் பகுதி வேளாண் துறைக்கும் அனுப்பிவிடுங்கள். எந்தப் பண்ணையிலிருந்து வந்தது என்று அவர்களால் தேட முடியும்.

அப்புறம், மரத்தைக் கழிக்கும்போது தோட்டத்து மூலையிலோ, காட்டோரமோ, உரக்குழியிலோ போடவே வேண்டாம். அனுமதி இருந்தால் எரியுங்கள். இல்லையென்றால் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் சேருங்கள். அடுத்த முறை காசு கொடுக்கும் முன்பே, கீழ்க்கிளைகளில் நாலு இலையைத் திருப்பிப் பார்த்துவிடுங்கள்.