நாலு பேருக்காக எடுக்கும் தீபாவளித் துணி

கேள்வி: நான் திண்டுக்கல்லில் தனியார் பள்ளி ஆசிரியை. கணவர் நூல் மில்லில் சூப்பர்வைசர். மகளுக்கு 12 வயது, மகனுக்கு 8. போன தீபாவளிக்கு வந்த போனஸ் 18,000 ரூபாய், ஆன செலவு 70,000. மீதியை கிரெடிட் கார்டில் போட்டு, இந்த ஆடி வரைக்கும் கட்டினோம். அப்போது எடுத்த சேலைகளில் இரண்டு இன்னும் பிரிக்காமல் பீரோவில் கிடக்கிறது. இந்த வருஷம் எளிமையாகக் கொண்டாடலாம் என்றேன். "வருஷத்துல ஒரு நாள், அதுக்கும் கணக்குப் பார்த்தா நாலு பேரு என்ன சொல்லுவாங்க?" என்கிறார் மாமியார். நாத்தனார் குடும்பம் முழுக்க நாங்கள் துணி எடுத்துக் கொடுப்பது வழக்கம். கஞ்சம் என்று பேர் வாங்காமல் எப்படி அம்மா குறைப்பது?

வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்பு மகளுக்கு,

கடிதத்தைப் படித்து முடித்ததும் அந்தப் பிரிக்காத இரண்டு சேலைதான் மனசில் நின்றது. அதற்கும் சேர்த்துத்தானே ஆடி வரைக்கும் தவணை கட்டியிருக்கிறீர்கள்.

என் தலைத் தீபாவளிக்கு அப்பா மாப்பிள்ளைக்கு மோதிரம் போட்டார். பட்டு வேட்டி, எனக்குப் பட்டுச்சேலை, சம்பந்தி வீட்டுக்குத் தூக்குத் தூக்காகப் பலகாரம். அம்மா கையில் வளையல் இல்லாததை அன்றைக்கு நான் கவனிக்கவே இல்லை. அது அடகுக் கடையில் மூழ்கிப் போன கதை பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரியும். அந்த மோதிரமோ என் கணவர் விரலுக்கு இறுக்கம். ஒரு மாதம்கூட அவர் போடவில்லை. அப்பாவை யாரும் மோதிரம் கேட்கவில்லை. கேட்டுவிடுவார்களோ என்ற பயத்திலேயே போட்டார். இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

அதனால் உங்களுக்கு முதலில் சொல்வது, அந்த "நாலு பேர்" யார் என்று உட்கார்ந்து பேர் எழுதிப் பாருங்கள். பெரும்பாலும் முதல் பேர் நாத்தனாராகத்தான் இருக்கும். அவரிடம் உங்கள் கணவரே பேசட்டும். அண்ணனோ தம்பியோ, கூடப்பிறந்தவன் சொன்னால் அது வீட்டுப் பேச்சு. நீங்கள் சொன்னால் அண்ணிக்காரி தடுத்துவிட்டாள் என்று ஆகும். "இனிமே பெரியவங்க நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் துணி எடுக்க வேண்டாம், பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் மட்டும் எடுப்போம்" என்று அவர் சொல்லட்டும். இதை ஐப்பசி பிறக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். அவர்கள் உங்களுக்குத் துணி எடுத்த பிறகு சொன்னால்தான் கஞ்சம் என்ற பேர் வரும். அவர்கள் வீட்டிலும் ஒரு கார்டு பில் இருக்கக்கூடும், யார் முதலில் வாயைத் திறப்பது என்று அவர்களும் காத்திருக்கக்கூடும்.

கார்டைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பாக்கி வைத்தால் பொதுவாக மாதத்துக்கு 3 சதவீதத்துக்கு மேல் வட்டி ஓடும். குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு வந்தால், பாக்கி தீரும் வரை புதிதாக வாங்குவதற்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி. 'வட்டியில்லாத் தவணை' என்று போட்டிருந்தாலும் பிராசஸிங் கட்டணம், அதன்மேல் ஜிஎஸ்டி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தத் தடவை போனஸ் பணத்தை ரொக்கமாக எடுத்து ஒரு கவரில் போட்டுவிடுங்கள். கவர் தீர்ந்தால் கடைவீதி முடிந்தது.

துணிக்கு வருகிறேன். ஆளுக்கு ஒன்று, அதை நல்லதாக எடுங்கள். சின்னாளபட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நீங்கள் கூட்டத்தில் இடிபடவே வேண்டாம். பிள்ளைகளை ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டிப்போய், தறி ஓடுவதைப் பார்க்க வையுங்கள். கையால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் நனைத்த சுங்குடிச் சேலையை விரித்தால், முடிச்சு அவிழ்த்த இடமெல்லாம் சின்னச் சின்னதாய்ச் சுருங்கி விரலில் தட்டும். ஒரு புள்ளி மாதிரி இன்னொரு புள்ளி இருக்காது. அச்சில் போட்ட சுங்குடியில் துணி வழவழவென்று இருக்கும், புள்ளிகள் எல்லாம் ஒரே அச்சு. மகளின் விரலைப் பிடித்துத் தடவிக் காட்டுங்கள். ஒரு சேலைக்கு எத்தனை ஆயிரம் முடிச்சு என்று அவளே கேட்பாள். அங்கே அமையவில்லை என்றால் கோ-ஆப்டெக்ஸ் இருக்கிறது. 1935-ல் நெசவாளர்களுக்காகத் தொடங்கிய கூட்டுறவு. தீபாவளிக்கு 30 சதவீதம் தள்ளுபடி தருகிறார்கள். மாதாமாதம் கட்டிச் சேர்க்கும் திட்டமும் வைத்திருக்கிறார்கள், கடைசித் தவணையை அவர்களே போடுகிறார்கள். அடுத்த தீபாவளிக்கு அதில் சேருங்கள். ஆள் அடையாளம் தெரியாத தீபாவளிச் சீட்டுகளில் பணத்தைக் கொண்டுபோய்ப் போடாதீர்கள்.

லண்டனில் கணக்கியல் படித்துவிட்டு, கடைசியில் மதுரைப் பக்கம் டி. கல்லுப்பட்டியில் வந்து வாழ்ந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா, ஒரு பொருள் என்ன நிலைமையில் செய்யப்படுகிறது என்பதற்கு வாங்குகிறவரும் பொறுப்பு என்று விடாமல் சொல்லிவந்தார். அவர் சொன்ன கணக்கும் நம் கணக்கில் சேர வேண்டியதுதான்.

மாமியாரோடு வாதம் செய்யாதீர்கள். அவர் சின்ன வயசுத் தீபாவளி எப்படி இருந்தது என்று கேளுங்கள். வருஷத்துக்கு ஒரே புதுத்துணி, ஓரத்தில் மஞ்சள் தடவி, மனைப்பலகையில் வைத்து, பெரியவர்கள் கையால் வாங்கியிருப்பார். அந்தப் பெரியவர் இடத்தில் இப்போது அவரை உட்கார வையுங்கள். நல்லெண்ணெயில் மிளகும் வெற்றிலையும் போட்டுக் காய்ச்சி, விடிகாலையில் எல்லோர் தலையிலும் அவர் கையால் எண்ணெய் வைக்கட்டும். அதிரசப் பொறுப்பையும் அவரிடமே விடுங்கள். ஊறவைத்த பச்சரிசியை நிழலில் உலர்த்தி, ஈரம் கையில் ஒட்டும்போதே இடிக்க வேண்டும். பாகில் ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டு விரலால் உருட்டினால் மெத்தென்று திரள வேண்டும். அந்தப் பதம் கடை டப்பாவில் வராது, அவர் கைக்குத்தான் தெரியும். ஸ்வீட் பாக்ஸ் பத்து வாங்கி, வந்த பத்தை வேறு வீட்டுக்குத் தள்ளிவிடுவதைவிட, வாழையிலையில் மடித்த நாலு அதிரசம் பெரிய மரியாதை.

பட்டாசை அடியோடு நிறுத்தச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. சிவகாசிப் பக்கம் எத்தனையோ குடும்பத்துக்கு அதுதான் சோறு. மகனுக்கு ஒரு தொகை கொடுத்து அவனையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். கூடவே சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுக்குடிப்பட்டியைப் பற்றியும் சொல்லுங்கள். வேட்டங்குடி சரணாலயத்துக்கு வரும் பறவைகள் மிரளக் கூடாது என்று அந்த ஊர்க்காரர்கள் பல பத்து வருஷமாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. வனத்துறையினர் அவர்களுக்கு இனிப்பு கொடுத்து நன்றி சொல்கிறார்கள். எட்டு வயசுப் பிள்ளைக்கு இது புரியும்.

ஒரு இடத்தில் மட்டும் கையைச் சுருக்காதீர்கள். உங்கள் தெருவில் குப்பை எடுக்க வரும் தூய்மைப் பணியாளருக்குப் பழைய துணி மூட்டையைக் கட்டிக் கொடுத்துத் தீபாவளி என்று சொல்ல வேண்டாம். பீரோவில் இருக்கும் இரண்டு சேலையில் ஒன்றை, பிரிக்காமல் அப்படியே, பண்டிகைக்கு ஒரு வாரம் முன்பே அவர் கையில் கொடுங்கள். ஜாக்கெட் தைக்க அவருக்கும் நாள் வேண்டுமே. இன்னொன்றை இந்தத் தீபாவளிக்கு நீங்கள் கட்டிக்கொள்ளுங்கள். ஓரத்தில் மஞ்சள் வைக்க மறக்க வேண்டாம்.