பத்து வருஷத்துக்கு மேல விட்டுப்போன யோகாவை மறுபடி தினமும் பண்ண ஆரம்பிக்கிறது எப்படி?

கேள்வி கேட்டவங்க காலேஜ் படிக்கும்போது தலைகீழா நிக்கிற சிரசாசனம் வரைக்கும் போனவங்களாம். கல்யாணம், குழந்தை, வேலைன்னு விட்டுப்போச்சாம், இப்ப நாற்பதைத் தாண்டின பிறகு ரெண்டு மூணு தடவ ஆரம்பிச்சும் ஒரு வாரத்துக்கு மேல நிக்கலையாம், சிரசாசனத்தை மறுபடி பண்ணலாமான்னும் கேக்குறாங்க. நானும் இதே மாதிரி நடுவுல விட்டுட்டு திரும்பி வந்தவதான், இப்ப சில வருஷமா நிலையா போயிட்டு இருக்கு, அதனால எனக்குத் தெரிஞ்சத சொல்றேன்.

நீங்க பழைய வரிசையையே திரும்ப ஆரம்பிக்கிறீங்க, நிக்காம போறதுக்கு முக்கால்வாசி காரணம் அதுதான்னு எனக்குத் தோணுது. பன்னெண்டு சூரிய நமஸ்காரம், அப்புறம் சர்வாங்காசனம், ஹலாசனம், மத்ஸ்யாசனம், எல்லாம் வரிசையா ஞாபகம் இருக்கும், உடம்பும் முதல் நாள் ஏதோ ஒத்துழைக்கும், மறுநாள் காலைல படியிறங்க முடியாது, நாலாவது நாள் ஆபீஸ்ல ஒரு அவசரம், அதோட போச்சு. அந்த வரிசை இருபது வயசு உடம்புக்கு அமைச்சது. இன்னிக்கு இருக்கிற உடம்புக்குன்னு புதுசா ஒண்ணு அமைச்சுக்கணும்.

இது என் சொந்த யோசனை கிடையாது. யோகா ஆசான் கிருஷ்ணமாச்சாரியார் 1930கள்ல மைசூர் அரண்மனையில பசங்களுக்கு சொல்லிக்கொடுத்தப்போ தாவி குதிச்சு வேகமா போற வரிசைதான் இருந்துச்சு, பின்னால உலகம் முழுக்க பேர் வாங்கின யோகா ஆசிரியர்கள் பட்டாபி ஜோயிஸ், பி.கே.எஸ். ஐயங்கார் எல்லாம் அந்தக் காலத்து மாணவர்கள். அதே மனுஷர் 1950கள்ல சென்னைக்கு வந்தப்புறம் ஒவ்வொருத்தரையும் தனியா உக்கார வச்சு, வயசு என்ன, என்ன வியாதி, என்ன வேலைன்னு பாத்து ஆளுக்கு ஒரு பயிற்சின்னு கொடுத்தார். மகன் தேசிகாச்சார் 1976-ல ஆரம்பிச்ச கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரம்ங்கிற சென்னை யோகா பள்ளி அந்த வழியில வந்ததுதான். கிருஷ்ணமாச்சாரியாருக்கு தொண்ணூறு வயசுக்கு மேல இடுப்பெலும்பு முறிஞ்சப்போ, ஆபரேஷன் வேண்டாம்னுட்டு படுக்கையிலேயே பண்ற மாதிரி ஒரு பயிற்சியைத் தனக்கே அமைச்சுக்கிட்டார்னு சொல்வாங்க. அவ்ளோ பெரிய ஆசானே அன்னிக்கு இருந்த உடம்புலருந்துதான் ஆரம்பிச்சார், நம்ம எம்மாத்திரம்!

எனக்கு சொல்லிக்கொடுத்த சாரும் இந்த வழியில கத்துக்கிட்டவர்தான். நான் திரும்பிப் போன அன்னிக்கு ஆசனமே கொடுக்கல. "நேரா நில்லும்மா. மூச்சை இழுத்துக்கிட்டே கையைத் தூக்கு. கையும் மூச்சும் ஒண்ணா கெளம்பி ஒண்ணா முடியணும்"னார். தூக்கினேன். கை தோள் உயரம் தாண்டறதுக்குள்ள மூச்சு முடிஞ்சிருச்சு, கை மட்டும் பாட்டுக்கு காது வரைக்கும் போய் நிக்குது. "மறுபடி"ன்னார். அப்பவும் அதேதான். "சரி, மூச்சு எங்க முடியுதோ அங்கயே கையும் நிக்கட்டும், இன்னிக்கு உன் அளவு அதான். மூச்சு நீளும்போது கையும் தானா மேல போகும்"னார். நீங்களும் இப்பவே எழுந்து நின்னு பண்ணிப் பாருங்க. தொண்டையில லேசா உரசுற மாதிரி ஒரு சத்தம் வச்சுக்கிட்டு மூச்சு விடுவோமே, அந்த உஜ்ஜாயி சத்தம் எந்த இடத்துல அறுந்துபோகுதோ, திக்குதோ, அதுதான் உங்க எல்லை. எந்த ஆசனமா இருந்தாலும் இந்த ஒரு அளவுகோல் போதும், கண்ணாடியும் வேண்டாம், பழைய போட்டோவும் வேண்டாம். யூட்யூப் வீடியோ பாத்து பண்றதுல எனக்கு இருக்கிற வருத்தமும் இதுதான், அதுல சொல்றவங்க மூச்சுக்குத்தான் வேகம் இருக்கும், உங்க மூச்சுக்கு இருக்காது. வரிசையைப் பாத்து மனப்பாடம் பண்ணிக்கிட்டு வீடியோவை நிறுத்திட்டுப் பண்ணுங்க.

எனக்கு முதல் சில மாசம் கொடுத்த வரிசை ரொம்ப சின்னது, இருபது இருபத்தஞ்சு நிமிஷம்தான் வரும். நின்னு கை தூக்குறது, அப்புறம் முட்டியை மடிச்சு வச்சே நின்னபடி முன்னால குனியற உத்தானாசனம், மண்டி போட்டு கை ஊனி முன்னும் பின்னும் போற சக்ரவாகாசனம், மல்லாந்து படுத்து முட்டியை வயித்துக்கிட்ட கொண்டுவர்ற அபானாசனம், இடுப்பைத் தூக்கி இறக்குற த்விபாத பீடம், கொஞ்ச நேரம் சவாசனம், கடைசியா உக்காந்து மூச்சு. எதுலயும் போய் அப்படியே நிக்கச் சொல்லல, மூச்சோட போயிட்டு மூச்சோட திரும்பி வரணும், ஆறு தடவ. சும்மா போய் நிக்கிறதைவிட இப்படிப் போய்ட்டு வர்றதுல மூட்டு சூடேறும், எங்க இறுக்கம் இருக்குன்னு பயமில்லாம தெரியும். பிராணாயாமத்துல வெளிய விடுற மூச்சை மட்டும் கொஞ்சம் நீளமாக்குங்க, உள்ள நாலு எண்ணினா வெளிய ஆறு. மூச்சை அடக்கி வைக்கிற கும்பகம், வேகமா மூச்சு விடுற கபாலபாதி, பஸ்த்ரிகா எல்லாம் இப்போதைக்கு வேண்டாம். தரையில உக்கார முடியலைன்னா நாற்காலியில உக்காருங்க, முதுகு நேரா இருக்கிறதுதான் முக்கியம்.

இதுல முட்டியை மடிக்கிற விஷயம்தான் பலருக்கு மனசே ஒப்பாது. முன்னாடி தலை முட்டியைத் தொட்டிருக்கும், இப்ப கை கணுக்காலுக்கே வராது, உடனே முட்டியை விறைப்பா நீட்டிட்டு முதுகை வளைச்சு இழுப்பாங்க. தொடைக்குப் பின்னாடி இருக்கிற தசை, நாம உக்கார்ற எலும்புல போய் ஒட்டுது பாருங்க, அந்த இடம் வலி எடுத்துச்சுன்னா மாசக்கணக்குல போகாது. தசைக்கு ரத்த ஓட்டம் அதிகம், சீக்கிரம் பழைய பலத்துக்கு வந்துரும், ஏற்கெனவே பழகின தசைன்னா இன்னும் சீக்கிரம். தசையை எலும்போட சேர்க்கிற தசைநாண் அப்படி இல்ல, ரொம்ப மெதுவாத்தான் உறுதியாகும். அதனால முதல் வாரம் தாண்டி மூணாவது நாலாவது வாரத்துலயும் அடிபடலாம், ஆஹா பழையபடி வந்துருச்சுன்னு தோணும்போது தசை தயாரா இருக்கும், நாண் தயாரா இருக்காது. உக்காரும்போது அந்த எலும்புக்கிட்ட ஒரு பக்கம் மட்டும் சுருக்குன்னா காலை நீட்டி முன்னால குனியறதை அன்னியோட நிறுத்திருங்க. மணிக்கட்டும் அப்படித்தான், நாள் முழுக்க கம்ப்யூட்டர்ல டைப் அடிச்ச கையில உடம்பு பாரத்தை முழுசா இறக்காதீங்க, சூரிய நமஸ்காரம் பண்ணியே ஆகணும்னா முட்டியைத் தரையில வச்சு இறங்குங்க. ஜூன் 21 யோகா தினத்துக்கு 108 சூரிய நமஸ்காரம்னு கூப்பிடுவாங்க, இந்த வருஷம் போகாதீங்க.

சிரசாசனம் பத்தி தனியா கேட்டிருக்கீங்க. ஒரு கண் டாக்டரைப் பாக்காம பண்ணாதீங்க. சென்னை சங்கர நேத்ராலயா டாக்டர்கள் யோகா பண்றவங்களையே வச்சு ஆய்வு பண்ணி 2006-ல வெளியிட்டாங்க, சிரசாசனத்துல இருக்கும்போது கண்ணுக்குள்ள அழுத்தம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்காகுது. நல்ல கண்ணா இருந்தா இறங்கினதும் சரியாயிரும், ஆனா நாற்பதுக்கு மேல க்ளாக்கோமாங்கிற கண் நரம்பு பாதிப்பு இருந்தாலும் வெளிய தெரியாது, அதான் பயம். பிபி இருந்தா, கழுத்து தேய்மானம் இருந்தா அதோட ஆசையையே விட்டுருங்க. சுவத்துல காலைத் தூக்கி வச்சு படுக்கிற விபரீத கரணி போதும், நானே இப்ப அதோடதான் இருக்கேன், எந்தக் குறையும் தெரியல.

இனி தினமும் பண்றது. பிரம்ம முகூர்த்தத்துலதான் பண்ணணும்னு பிடிவாதம் பிடிச்சீங்கன்னா நம்ம வீடுகள்ல நடக்காது, பால், குக்கர், டிபன் பாக்ஸ், ஸ்கூல் வேன், இதெல்லாம் முடியாம யாரால கண்ணை மூட முடியும்? எனக்கு வேன் போனதுக்கும் நான் சாப்பிடுறதுக்கும் நடுவுல இருக்கிற நேரம்தான் வாய்ச்சுது. காபி குடிச்சு அரைமணி ஆச்சுன்னா தாராளமா பண்ணலாம், சாப்பாடுன்னா மூணு மணி நேரமாவது இடைவெளி வேணும். உங்களுக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடிதான் தோதுன்னா அப்பவே பண்ணுங்க, ஆனா ஒரே நேரம், ஒரே இடம். பீரோவுக்கும் கட்டிலுக்கும் நடுவுல ஒரு ஆள் கை விரிக்கிற இடம் போதும். படுத்து உக்காந்து பண்றதுக்கு ஜமுக்காளமே நல்லா இருக்கும், நின்னு பண்றப்போ மொசைக் தரையில அது வழுக்கும், அதுக்கு மட்டும் மேட் வாங்கிக்கோங்க. மாதவிடாய் நாட்கள்ல முடியலைன்னா படுத்தபடி மூச்சு மட்டும் பண்ணுங்க, எழுந்து அந்த இடத்துக்குப் போறது மட்டும் நிக்கக்கூடாது.

நடுவுல விட்டுப்போகும், கல்யாண வீடு, காய்ச்சல், ஊருக்குப் போறதுன்னு ஏதாவது வரும். அதுக்காக மனசு உடைஞ்சு போகாதீங்க. யோக சூத்திரத்துல பதஞ்சலி முனிவர் ஒன்பது தடைகளை அடுக்குறார், வியாதியில ஆரம்பிச்சு சந்தேகம், சோம்பல்னு போய், அடைஞ்ச நிலையில நிக்க முடியாம போறதை ஒன்பதாவதா வைக்கிறார். நமக்கு மட்டும் வந்த குறை இல்ல, அந்தக் காலத்துலேயே எல்லாருக்கும் வந்ததுதான். விட்ட நாளுக்கு வட்டி போட்டு மறுநாள் ரெண்டு மடங்கு பண்ண மட்டும் வேண்டாம், நாலஞ்சு நாளுக்கு மேல விட்டுப்போச்சுன்னா கை தூக்குறதுலருந்து பாதி வரிசையா ஆரம்பிங்க.

ஒரு ஆசிரியர் மட்டும் அவசியம் வேணும். தினமும் க்ளாஸ் போகணும்னு இல்ல, மாசம் ஒரு தடவ நீங்க பண்றதை நேர்ல பாத்து வரிசையை மாத்திக்கொடுக்கிறவரா இருந்தா போதும். அவர் உங்களை முதல்ல எதைப் பண்ணச் சொல்றார்னு பாக்குறதுக்கு முன்னாடி, என்ன வலி, என்ன மாத்திரை, எத்தனை மணிக்குத் தூங்குறீங்கன்னு கேக்குறாரான்னு பாருங்க. கேக்காம நேரா ஆசனத்துக்குப் போறவர்னா வேற ஒருத்தரைத் தேடுங்க.