ரீகால் கடிதம் வந்த பிறகு ‘எனக்குத் தெரியாது’ என்று சொல்ல முடியாது

கடலூரிலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். 2019இல் வாங்கிய பெட்ரோல் கார். ஒன்றரை வருடத்துக்கு முன்பு, ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டு தடவை இன்ஜின் நின்றுவிட்டது. சர்வீஸ் சென்டரில் "மட்டமான பெட்ரோல் போட்டிருக்கிறீர்கள்" என்று சொல்லி ஃப்யூயல் பம்ப்பை மாற்றி ரூ.13,800 வாங்கிவிட்டார்கள். போன மாதம் அதே பம்ப்புக்குக் கம்பெனியிடமிருந்து ரீகால் கடிதம், அதாவது பாகத்தில் கோளாறு இருக்கிறது, வண்டியைக் கொண்டுவாருங்கள், இலவசமாக மாற்றித் தருகிறோம் என்று. "காசைப் பிடுங்கினவர்களிடம் மறுபடியும் வண்டியை விடுவதா? விட்டால் என் கேஸ் செத்துவிடாதா? புது வண்டியே கேட்டு வழக்குப் போடப்போகிறேன்" என்கிறார். பழைய பம்ப்பைக் கேட்டு வாங்கி, கேரி பேக்கில் கட்டிப் பரணில் வைத்திருக்கிறாராம்.

ஐயா, சர்வீஸ் அட்வைசர் மரியாதை இல்லாமல் பேசியது, இரண்டு மணி நேரம் காக்க வைத்தது எல்லாம் படித்தேன். அதை வைத்து வழக்கு நிற்காது. எனக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம்தான், அந்தக் கடிதம் உங்கள் கைக்கு வந்த தேதி. அன்றிலிருந்து அந்தக் கோளாறு கம்பெனிக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் தெரியும்.

இது ஏன் முக்கியம் என்றால், வண்டியில் ஏற்பட்ட திடீர்க் கோளாறால்தான் விபத்து என்று சொல்லும் உரிமையாளர், அது உரிய கவனம் எடுத்தும் கண்டுபிடித்திருக்க முடியாத மறைவான கோளாறு என்று தானே நிரூபிக்க வேண்டும், உச்ச நீதிமன்றம் 1977இலேயே மினு மேத்தா வழக்கில் இதைச் சொல்லிவிட்டது. கடிதத்தை வாங்கி வைத்துக்கொண்டு மறைவான கோளாறு என்று எப்படிச் சொல்வீர்கள்?

என் கட்சிக்காரர் ஒருவர் இதில்தான் மாட்டினார். பிரேக் சம்பந்தமான ரீகால், மூன்று எஸ்எம்எஸ், ஒரு கடிதம், எதற்கும் போகவில்லை. ஒரு நாள் பிரேக் பிடிக்காமல் முன்னால் போன பைக்கில் மோதி, பைக்கில் இருந்தவர் இறந்துவிட்டார். பிரிக்காத அந்தக் கடிதம் டேஷ்போர்டு பெட்டியில், ஆர்சி புத்தகத்துக்கு அடியிலேயே இருந்தது. வண்டியில் கிடைத்ததையெல்லாம் பட்டியலிட்டுப் போலீஸ் எழுதிய மகஜரில் அதுவும் ஏறிவிட்டது. இறந்தவர் குடும்பத்துக்கு இன்சூரன்ஸ் பணம் கொடுத்துவிடும், மூன்றாம் நபர் விஷயத்தில் இதைக் காட்டித் தப்பிக்க அவர்களுக்கு வழியில்லை. ஆனால் கவனக்குறைவால் மரணம் என்ற கிரிமினல் வழக்கு இவர் தலையில்தான். ‘திடீரென்று பிரேக் போய்விட்டது’ என்பதுதான் அவருக்கு இருந்த ஒரே எதிர்வாதம், அதை அந்த உறை முடித்துவிட்டது. தன் வண்டியைச் சரிசெய்ய அவர் கேட்ட தொகையையும் இன்சூரன்ஸ்காரர்கள் இழுத்தடித்தார்கள், ஏனென்றால் வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டும் என்று பாலிசியிலேயே நிபந்தனை இருக்கிறது. கடைசியில் பாதிக்கும் குறைவாக ஒப்புக்கொண்டு வாங்கினார்.

உங்கள் வண்டிக்கு வருகிறேன். ‘ஏற்கெனவே மாற்றியாச்சே’ என்று இருந்துவிடாதீர்கள். இந்த வகைப் பம்ப்பில் உள்ளே இருக்கும் சின்ன பிளாஸ்டிக் சக்கரம் பெட்ரோலில் ஊறி உப்பி, உறையோடு உரசி நின்றுவிடுவதுதான் பல ரீகால்களில் சொல்லப்பட்ட கோளாறு. ஸ்பேராக விற்ற பம்ப்புகளையும் சேர்த்தே திரும்ப அழைத்திருக்கிறார்கள், உங்களுக்குப் போட்டதும் அதே ரகமாக இருக்கலாம். பைபாஸில் எண்பதில் போகும்போது இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் இறுகிவிடலாம், பின்னால் லாரி வரும். பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஓட்டுகிறீர்கள். இந்த வாரமே போங்கள்.

ரீகால் வேலையைச் செய்துகொண்டால் கேஸ் சாகாது. வண்டியைக் கொடுப்பது பழைய பில்லை மன்னித்ததாகாது. ஆனால் டெலிவரியின்போது நீட்டும் தாளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டால் செத்துவிடும். ‘முழு திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று ஒரு வரி அதில் இருக்கலாம். அதை அடித்துவிட்டு, ‘ரீகால் வேலைக்கு மட்டும், முந்தைய பில் தொகைக்கான கோரிக்கை நிலுவையில் உள்ளது’ என்று உங்கள் கையாலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியை விடும்போது வேலையைக் குறிக்கும் ஜாப் கார்டில் ரீகால் எண் ஏறியிருக்க வேண்டும். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதிக் கொடுத்தால் வண்டியை எடுக்காதீர்கள். அப்புறம், பரணில் இருக்கும் பம்ப்பை யார் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. பாக எண் தெரிகிற மாதிரி படம் எடுத்து, பில்லோடு சேர்த்து வையுங்கள்.

புது வண்டி கிடைக்காது, அதை மறந்துவிடுங்கள். கிளட்ச் கோளாறான ஒரு கார் வழக்கில் 2006இல் உச்ச நீதிமன்றம் பாகத்தைத்தான் மாற்றித் தர வேண்டும், முழு வண்டியை அல்ல என்று சொல்லிவிட்டது. உங்களுக்கு நியாயமாக வர வேண்டியது அந்த ரூ.13,800, கூட ஏதோ கொஞ்சம் இழப்பீடு. டீலரிடம் சண்டை போடாமல் கம்பெனியின் தலைமை அலுவலகத்துக்கே ஸ்பீட் போஸ்ட்டில் எழுதுங்கள், பில் நகலும் ரீகால் கடித நகலும் வைத்து. பில் தொகையைத் திருப்பித் தருகிறோம் என்று வந்தால் வாங்கிக்கொண்டு முடித்துவிடுங்கள், இந்தத் தொகைக்காக இரண்டு மூன்று வருடம் கோர்ட்டுக்கு அலையச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பதிலே வராவிட்டால் கடலூர் நுகர்வோர் ஆணையத்திலேயே போடலாம். வழக்குப் போட இரண்டு வருடம்தான் கெடு. ரீகால் கடிதம் வந்த பிறகுதானே எனக்கு உண்மை தெரிந்தது, அன்றிலிருந்து எண்ணுங்கள் என்று வாதிட இடம் உண்டுதான், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். பில் தேதியிலிருந்து இரண்டு வருடம் என்றே கணக்கு வையுங்கள். உங்களுக்கு மிச்சம் இருப்பது ஆறு மாதம்.