ஓடுற சேர்வர்ல புது டிஸ்க் தெரியலையா?

கேள்வி: ஹட்டன்ல ஸ்டூடியோ வச்சிருக்கேன் சேர். கல்யாண வீடு, சடங்கு வீடு வீடியோ எல்லாம் ஒரு பழைய உபுண்டு (லினக்ஸ்) சேர்வர்லதான் கிடக்கு. மழைக்கு இங்க அடிக்கடி கரண்ட் போறதால யூபிஎஸ் கொஞ்சம் கூட நேரம் தாங்கட்டும்னு பவர்டாப்ங்கிற கரண்ட் மிச்சம் புடிக்கிற சாஃப்ட்வேர போட்டு, ஸ்டார்ட் ஆகுறப்பவே அதோட ஆட்டோ டியூன் (எல்லா மிச்சம் புடிக்கிற செட்டிங்கையும் தானா போடுறது) ஓடுற மாதிரி வச்சேன். அதுக்கப்புறம் புது டிஸ்க் சொருகினா லைட் எரியுது, சிஸ்டத்துல தெரியல. ரீஸ்டார்ட் பண்ணா தெரியுது. கடையில ரெண்டு தடவ மாத்திட்டேன், அதேதான். போர்ட் போயிருச்சா?
- வாசகர் ஒருவர், ஹட்டன்

பதில்: போர்ட் போகல தம்பி, மூணாவது தடவையும் கடைக்கு அலையாதீங்க. ரீஸ்டார்ட் பண்ணா தெரியுதுன்னு எழுதியிருக்கீங்களே, விடை அதுலதான் இருக்கு. சேர்வர் ஸ்டார்ட் ஆகுறப்ப, டிஸ்க் சொருகுற எல்லா சாட்டா போர்ட்டும் முழிச்சிருக்கும், லினக்ஸ் ஒவ்வொண்ணுலயும் டிஸ்க் இருக்கான்னு பாத்து முடிச்ச பிறகுதான் பவர்டாப் வந்து தூங்க வைக்குது, அதுக்கப்புறம் காலியா இருக்கிற போர்ட்ல நீங்க டிஸ்க் சொருகினா அது குடுக்கிற சிக்னல கவனிக்க அங்க ஒண்ணும் முழிச்சு இல்ல. லைட் எரியிறது டிஸ்க்குக்கு கரண்ட் போகுதுங்கிறதுக்கு மட்டும்தான் சாட்சி.

ஏற்கனவே மாட்டியிருக்கிற டிஸ்க்குக்கும் இதுல ஆபத்து இருக்கு. வேலை இல்லாத நேரம் போர்ட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவுல இருக்கிற இணைப்பு, அதாவது லிங்க், பார்ஷியல், ஸ்லம்பர்னு ரெண்டு விதமான தூக்கத்துக்குப் போகும், முதலாவதுல இருந்து 10 மைக்ரோசெக்கன்லயும் ரெண்டாவதுல இருந்து 10 மில்லிசெக்கன்லயும் எழும்பணும்ங்கிறது சாட்டா விதி, சில டிஸ்க் ஒழுங்கா எழும்பாம ஓடிட்டிருக்கிறப்பவே காணாம போயிரும். ஒருத்தர் வீட்டு கல்யாணத்த திரும்ப எடுக்க முடியுமா சொல்லுங்க, அதனால மொதல்ல எல்லாத்தையும் வேற டிஸ்க்ல காப்பி எடுத்துட்டு அப்புறம் கை வைங்க.

பவர்டாப்ப ஸ்டார்ட்டப்ல இருந்து எடுத்துட்டு, சாட்டா ஹோஸ்ட் (லினக்ஸ்ல போர்ட்டுக்கு இருக்கிற பேரு) ஒவ்வொண்ணுக்கும் லிங்க் பவர் பாலிசிய, லிங்க தூங்க விடாத மேக்ஸ் பெர்ஃபார்மன்ஸ்னு மாத்துங்க. போர்ட்டெல்லாத்தையும் நடத்துற சிப், அதாவது கண்ட்ரோலரோட ரன்டைம் பவர் 'ஆட்டோ'ன்னு இருந்தா 'ஆன்'னு வைங்க, அந்த இடத்துல 'ஆன்'னா தூங்காம இருன்னு அர்த்தம், நிறைய பேர் இத தலைகீழா வெளங்கிக்கிறாங்க. பயோஸ்ல (சேர்வர் ஸ்டார்ட் ஆகுறப்ப வர்ற செட்டிங்ல) அந்த போர்ட்டுக்கு ஹாட் பிளக் (ஓடுறப்பவே டிஸ்க் சொருகுறது) எனேபிள், லிங்க தூங்க வைக்கிற அக்ரசிவ் லிங்க் பவர் மேனேஜ்மென்ட் டிசேபிள் பண்ணுங்க.

யூபிஎஸ் நேரம் குறைஞ்சிரும்னு பயப்படாதீங்க, லிங்க் தூங்குறதால மிச்சமாகிறது டிஸ்க் ஒண்ணுக்கு ஒரு வாட் அளவுதான். 2022ல 13 மணித்தியாலம் வெட்டினாங்களே, அப்படி ஒரு நாள் வந்தா அந்த ஒரு வாட் என்னத்துக்கு காணும்? யூபிஎஸ்ஸ யூஎஸ்பி கேபிள்ல சேர்வரோட இணைச்சு, பேட்டரி இறங்குறதுக்குள்ள தானா ஷட்டவுன் ஆகுற மாதிரி பண்ணிக்கங்க, வீடியோவ காப்பாத்துறது அதுதான்.

ரீஸ்டார்ட் பண்ணியும் தெரியாத, சுத்துற சத்தமே கேக்காத டிஸ்க் உங்க கைக்கு வந்தா அது வேற கதை. புது பெரிய டிஸ்க் சிலதுல பவர் கனெக்டரோட 15 பின்ல மூணாவதுக்கு 3.3 வோல்ட் போனா டிஸ்க் நின்னுடும், பழைய சேர்வர் அந்த வோல்ட்ட குடுத்துக்கிட்டே இருக்கும். அதுக்கு அந்த பின்ன மட்டும் கரண்ட் கடத்தாத கப்டான் (Kapton) டேப்பால மூடிட்டு சொருகிப் பாருங்க.