பைக்குள் என்ன இருக்கிறது? – வாசகர் கேள்வி, ஆசிரியை பதில்

முப்பது ஆண்டுகள் ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே குறையைச் சொல்கின்றன: குழந்தைக்குச் சொற்கள் தெரிகின்றன, ஆனால் ஆங்கிலத்தில் கேட்கவும் வரவில்லை, பதில் சொல்லவும் வரவில்லை.

கேள்வி: என் மகளுக்கு ஆறு வயது. நிறங்கள், விலங்குகள், உடல் உறுப்புகள் எல்லாவற்றுக்கும் ஆங்கிலப் பெயர் தெரியும். ‘வாட் இஸ் திஸ்?’ என்றால் பளிச்சென்று சொல்கிறாள். வேறு எதையாவது கேட்டால் வாயே திறப்பதில்லை. அவளாக ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை. ஏன்?

உங்கள் மகளிடம் எந்தக் குறையும் இல்லை. நாம் கேட்கிற கேள்விதான் சரியில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் தினமும் பென்சிலைத் தூக்கிக் காட்டி ‘வாட் இஸ் திஸ்?’ என்பேன். வகுப்பே ‘பென்சில்’ என்று முழங்கும். ஒருநாள் முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து நின்று, “டீச்சர், அது பென்சில் என்று உங்களுக்குத் தெரியாதா?” என்று கேட்டான். குறும்பாகக் கேட்கவில்லை, முகத்தில் உண்மையான கவலை இருந்தது. அந்த வகுப்பில் தெரிந்துகொள்வதற்காகக் கேட்கப்பட்ட முதல் கேள்வி அதுதான். அதுவும் தமிழில்.

நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது. அவற்றில் முதல் இரண்டு அறிவினா, அறியா வினா. விடை தெரிந்திருந்தும் மாணவனுக்குத் தெரியுமா என்று பார்க்க ஆசிரியர் கேட்பது அறிவினா. தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ளக் கேட்பது அறியா வினா. உங்கள் மகள் காதில் இதுவரை விழுந்த ஆங்கிலக் கேள்விகள் அத்தனையும் அறிவினாக்கள். ஆங்கிலத்தில் கேள்வி என்றாலே தன்னைச் சோதிக்கிறார்கள் என்று அவள் நினைத்திருப்பாள். சோதிப்பது பெரியவர்கள் வேலை, அவள் எதற்குக் கேட்க வேண்டும்?

ஒரு துணிப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். அவள் பார்க்காதபோது வீட்டுப் பொருள் ஒன்றை உள்ளே போட்டுவிடுங்கள். அவள் பையை வெளியிலிருந்து தடவிப் பார்க்கலாம், திறக்கக் கூடாது. இனி அவள்தான் கேட்க வேண்டும். ‘இஸ் இட் எ ஸ்பூன்?’ ‘நோ, இட் இஸன்ட்.’ ‘இஸ் இட் எ கீ?’ ‘யெஸ், இட் இஸ்!’ அடுத்து முறையை மாற்றுங்கள். அவள் ஒளித்துவைக்கட்டும், நீங்கள் கேளுங்கள். இப்போது விடை உங்களுக்கு உண்மையிலேயே தெரியாது, உங்களுக்குத் தெரியாது என்பது அவளுக்கும் தெரியும். அந்த நேரத்தில் அவள் முகத்தைப் பாருங்கள். ஐந்து நிமிடம் போதும். இரண்டு மூன்று நாளில் ‘இஸ் இட் பிக்?’, ‘இஸ் இட் ஹார்ட்?’ என்ற கேள்விகளை நடுவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

என் வகுப்பில் ஒரு சிறுமி ஒருமுறை பைக்குள் எதையுமே போடாமல் பையின் வாயை மட்டும் சுருட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் பெட்டியில் தொடங்கி பொத்தான் வரை கேட்டு ஓய்ந்துபோனார்கள். எல்லாவற்றுக்கும் ‘நோ, இட் இஸன்ட்’ என்று தலையாட்டினாள். கடைசி வரிசையிலிருந்து ஒரு பையன் மெதுவாக, ‘இஸ் இட் நத்திங்?’ என்றான். அந்த வாக்கியத்தை அவனுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. இன்று நினைத்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கேள்வி: என் மகன் தயங்காமல் பேசுகிறான். ஆனால் ‘வேர் யூ ஆர் கோயிங்?’, ‘டிட் யூ வென்ட்?’ என்றுதான் கேட்கிறான். ஏழு வயது. இலக்கணம் தொடங்கிவிடலாமா?

வேண்டாம். இலக்கணத்தை நீங்கள் தெரிந்துகொள்ளுங்கள், அவனுக்கு இப்போது தேவையில்லை. தமிழில் ‘நீ போகிறாய்’ என்பதற்குள் ‘எங்கே’ என்ற சொல்லை வைத்தால் கேள்வி வந்துவிடுகிறது, மற்ற சொற்கள் அசைவதில்லை. ஆம், இல்லை என்று பதில் வரும் கேள்விக்கு ஓர் ‘ஆ’ போதும். ‘நீயா போகிறாய்?’, ‘வீட்டுக்கா போகிறாய்?’ என்று எந்தச் சொல்லைப் பற்றிச் சந்தேகமோ அதன் வாலில் ஒட்டிக்கொள்ளும். ஆங்கிலத்தில் அப்படி முடியாது. ‘யூ ஆர்’ என்பது ‘ஆர் யூ’ என்று இடம் மாற வேண்டும். இடம் மாற்ற அப்படி ஒரு சொல் இல்லாவிட்டால் ‘டூ’, ‘டஸ்’, ‘டிட்’ என்று வெளியிலிருந்து ஓர் ஆளைக் கூப்பிட வேண்டும். அந்த ஆள் காலத்தைச் சுமந்துகொண்டதும் ‘வென்ட்’ சுமையை இறக்கிவிட்டு ‘கோ’ ஆகிவிட வேண்டும். இத்தனை மாற்றத்தையும் ஒரு சிறுவன் ஒரு மூச்சில் செய்ய வேண்டியிருக்கிறது.

ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் வினாச்சொல்லை முன்னால் வைத்துவிட்டு மற்றதை மாற்றாமல் பேசும் ஒரு கட்டத்தைக் கடக்கிறார்கள். எட்வர்ட் கிளிமா, அர்சுலா பெலூகி என்ற இரு ஆய்வாளர்கள் 1966-லேயே இதை எழுதியிருக்கிறார்கள். ஆகவே பதற வேண்டாம். அவன் ‘வேர் யூ ஆர் கோயிங்?’ என்றால், ‘வேர் ஆம் ஐ கோயிங்? ஐ ஆம் கோயிங் அப்ஸ்டேர்ஸ்’ என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போங்கள். சரியான வரிசை அவன் காதில் விழுந்துவிட்டது, கேட்ட கேள்விக்குப் பதிலும் கிடைத்துவிட்டது. பதில் சொல்லாமல் பிழையை மட்டும் திருத்தினால், அடுத்தமுறை அவன் கேட்கவே மாட்டான். ‘வேர் இஸ் மை...?’, ‘கேன் ஐ ஹேவ்...?’, ‘டு யூ ஹேவ்...?’ போன்றவற்றைப் பிரித்துக் காட்டாமல் முழுத்தொடராகவே பழக்குங்கள். கடைசிச் சொல்லை மட்டும் அவன் மாற்றிக்கொள்ளட்டும்.

கேள்வி: எதைக் கேட்டாலும் முழு வாக்கியத்தில்தான் பதில் சொல்ல வேண்டும் என்று வற்புறுத்தலாமா?

எழுதும்போது வற்புறுத்துங்கள். பேசும்போது ‘வேர் இஸ் யுவர் பேக்?’ என்றால் ‘ஆன் த சேர்’ என்பதே இயல்பான ஆங்கிலம். நன்னூல் விடையை எட்டாக வகுக்கிறது. அவற்றில் நேரடியானவை மூன்றுதான், மற்ற ஐந்தும் குறிப்பால் உணர்த்துபவை. ‘டு யூ வான்ட் டு ப்ளே?’ என்றதற்கு ஒரு குழந்தை ‘மை லெக் ஹர்ட்ஸ்’ என்றால் அவள் பதில் சொல்லிவிட்டாள். ‘நோ, ஐ டோன்ட் வான்ட் டு ப்ளே’ என்று சொல்லவைக்க அவளை நிறுத்திவைக்காதீர்கள். கால் எங்கே வலிக்கிறது என்று கேளுங்கள்.

கேள்வி: நான் ஆசிரியை. வகுப்பில் நாற்பது பிள்ளைகள். எதைக் கேட்டாலும் அதே மூன்று பேர்தான் கை தூக்குகிறார்கள்.

கேட்ட பிறகு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள், தோழி? மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து பார்த்து, 1970-களில் எழுதினார். ஆசிரியர்கள் ஏறக்குறைய ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, மௌனம் குறைந்தது, பிள்ளைகளே கேட்கும் கேள்விகளும் கூடின. அவர்கள் சொந்த மொழியில் படித்தவர்கள். நம் பிள்ளைகளோ ஆங்கிலத்தில் கேட்டு, தமிழில் யோசித்து, மீண்டும் ஆங்கிலச் சொல்லைத் தேட வேண்டும். நான் மனத்துக்குள் ஐந்து வரை எண்ணுவேன். தொடக்கத்தில் அந்த மௌனம் கடினமாகத்தான் இருக்கும், பழகிவிடும். முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லச் சொல்லுங்கள், அதன்பின் கை தூக்கச் சொல்லுங்கள். ஒருமுறை தோழியிடம் சொல்லிப் பார்த்த பதிலை வகுப்பில் சொல்ல அவ்வளவு பயம் இருக்காது.

கேள்வி: என் பேரனிடம், ‘டோன்ட் யூ வான்ட் வாட்டர்?’ என்றேன். ‘யெஸ்’ என்றான். தண்ணீர் கொடுத்தால் குடிக்க மாட்டேன் என்கிறான். விளையாட்டு காட்டுகிறானா?

இல்லை ஐயா. அவன் தமிழ் முறைப்படி சரியாகத்தான் பதில் சொல்லியிருக்கிறான். ‘தண்ணீர் வேண்டாமா?’ என்றால் நாம் ‘ஆமாம், வேண்டாம்’ என்கிறோம். கேட்டவர் சொன்னதை ஒப்புக்கொள்வதற்குத்தான் நம் ‘ஆமாம்’. ஆங்கிலத்தில் வேண்டும் என்றால் ‘யெஸ்’, வேண்டாம் என்றால் ‘நோ’. கேள்வி எப்படித் திரும்பினாலும் இது மாறாது. பெரியவர்களே இதில் இடறுவதைப் பார்த்திருக்கிறேன். இப்போதைக்கு ‘டு யூ வான்ட் வாட்டர்?’ என்று நேராகக் கேளுங்கள். எதிர்மறைக் கேள்விகளை இரண்டு வருடம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம்.