பழைய நிரல்களும் காணாமற்போகும் கோப்புகளும்: கேள்வி பதில்

64 பிட் விண்டோஸில் பழைய நிரல்கள் கணினிக் கோப்புகளைக் காணாமல் தடுமாறுவது பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே பதில் எழுதுகிறேன். டி.எல்.எல். கோப்புகளை, அதாவது பல நிரல்கள் பகிர்ந்து பயன்படுத்தும் துணைக் கோப்புகளை, உதிரியாக வழங்கும் தளங்களிலிருந்து எதையும் இறக்காதீர்கள் என்பதை முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

கேள்வி: ஐயா, 2009-இல் எழுதப்பட்ட பராமரிப்பு நிரல் ஒன்று, சிஸ்டம்32 கோப்புறையில் பிசிடிஎடிட்.இஎக்ஸ்இ (கணினி தொடங்கும் அமைப்புகளை மாற்றும் கருவி) இல்லை என்கிறது. எக்ஸ்புளோரரில் பார்த்தால் அதே இடத்தில் கோப்பு இருக்கிறது. நிரல் பொய் சொல்கிறதா?

பதில்: பொய் விண்டோஸுடையது, நல்லெண்ணத்தில் சொல்லப்படுவது. 64 பிட் விண்டோஸ் தன் கணினிக் கோப்புகளை இரண்டு தொகுதிகளாக வைத்திருக்கிறது. 64 பிட் கோப்புகள் சிஸ்டம்32-இலும், 32 பிட் கோப்புகள் சிஸ்வாவ்64-இலும் இருக்கின்றன. 32 பிட் நிரல் ஒன்று சிஸ்டம்32 என்று கேட்கும்போதெல்லாம், வாவ்64 என்னும் இடையடுக்கு அந்தக் கோரிக்கையை ஓசைப்படாமல் சிஸ்வாவ்64-க்குத் திருப்பிவிடுகிறது. பெரும்பாலான கோப்புகளுக்கு இரு பக்கமும் படி இருப்பதால் இந்தத் திருப்பம் யாருக்கும் தெரிவதில்லை. பிசிடிஎடிட்டுக்கு 64 பிட் படி மட்டுமே உண்டு. ஆகவே உங்கள் நிரல் போய் நின்ற இடத்தில் அது உண்மையிலேயே இல்லை.

நேரில் பார்க்க வேண்டுமானால், சிஸ்வாவ்64-க்குள் இருக்கும் சிஎம்டி.இஎக்ஸ்இ-யைத் திறந்து, சிஸ்டம்32-இல் அந்தக் கோப்பை 'டிர்' கட்டளையால் தேடுங்கள். இல்லை என்று வரும். அதே சாளரத்தில், பாதையில் சிஸ்டம்32 என்பதை எடுத்துவிட்டு சிஸ்நேட்டிவ் என்று எழுதித் தேடுங்கள். கோப்பு வந்து நிற்கும். விஸ்டா முதல் உள்ள இந்த மாற்றுப்பெயர், திருப்பலைத் தாண்டி உண்மையான சிஸ்டம்32-க்கு 32 பிட் நிரலை அழைத்துச் செல்கிறது. நிரலின் மூலக் குறியீடு (சோர்ஸ் கோட்) கையில் இருந்தால் அந்த ஒரு சொல்லை மாற்றினால் போதும். திருப்பலிலிருந்து விலக்குப் பெற்ற உட்கோப்புறைகளும் சில உண்டு. அப்படியொரு உட்கோப்புறையில் இருக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பு (தளப் பெயர்களுக்கு முகவரி குறித்துவைக்கும் கோப்பு) பழைய நிரல்களுக்கும் தடையின்றித் தெரிவது அதனால்தான்.

கேள்வி: 64 பிட் கோப்புகளை 32 என்று பெயரிட்ட இடத்திலும், 32 பிட் கோப்புகளை 64 என்று பெயரிட்ட இடத்திலும் வைத்தவருக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்?

பதில்: கொடுக்க வேண்டாம். பாதையைக் கணினியிடம் கேட்டுப் பெறாமல், சிஸ்டம்32 என்று தங்கள் நிரலுக்குள் நேரடியாக எழுதிவைத்தவர்கள் ஏராளம். அந்த நிரல்களை 64 பிட்டுக்கு மறுபடி கம்பைல் செய்யும்போது பாதை மாறாமல் இயங்க வேண்டும் என்பதற்காகவே பழைய பெயரை விட்டுவைத்தார்கள். சிஸ்வாவ்64 என்ற பெயரின் நடுவில் உள்ள 'வாவ்', விண்டோஸின் மேல் ஓடும் விண்டோஸைக் குறிக்கிறது. அப்படிப் படித்தால் பெயர் அவ்வளவு கோணலாகத் தெரியாது.

கேள்வி: ஏற்க முடியவில்லை. 16 பிட்டிலிருந்து 32-க்கு வந்தபோது, சிஸ்டம் இருக்க, சிஸ்டம்32 என்று புதுக் கோப்புறை உண்டாக்கினார்களே! அப்போது முடிந்தது பிறகு ஏன் முடியவில்லை? சோம்பேறி நிரலருக்காக எல்லோரும் குழம்ப வேண்டுமா?

பதில்: முதல் பாதி நியாயமான வாதம். புதுப் பெயர்தான் தூய்மையான தீர்வு என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் விலையை யார் கொடுத்திருப்பார் என்று பாருங்கள். பாதையை எழுதிவைத்த நிரலர் அந்த வேலையை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். நிரல் உடைந்தால் மாட்டிக்கொள்பவர் கடையில் பில் போடுகிறவர். பெயர்க் குழப்பம் நம்மைப் போன்ற சிலரைத்தான் எரிச்சலூட்டுகிறது. இந்தத் தேர்வில் நான் பில் போடுகிறவர் பக்கம்.

கேள்வி: எம்எஸ்விசிஆர்100.டிஎல்எல் இல்லை என்று வருகிறது. எந்தத் தளத்தில் இறக்கலாம்?

பதில்: எந்த உதிரித் தளத்திலும் வேண்டாம். அது விஷுவல் சி++ 2010 தொகுப்பைச் சேர்ந்தது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து முழுத் தொகுப்பையும் நிறுவுங்கள். கணினி 64 பிட் ஆனாலும், நிரல் 32 பிட் என்றால் எக்ஸ்86 (அதாவது 32 பிட்) தொகுப்புதான் வேண்டும்.

கேள்வி: அண்ணா, பழைய விளையாட்டு ஒன்று டி3டிஎக்ஸ்9_43.டிஎல்எல் கேட்கிறது. அதை மட்டும் இறக்கி சிஸ்டம்32-இல் போட்டேன்; இன்னமும் இல்லை என்கிறது.

பதில்: மேலே இரண்டு முறை சொன்னதை மூன்றாம் முறையும் சொல்கிறேன்: உதிரியாக இறக்காதீர்கள். நீங்கள் எக்ஸ்புளோரர் வழியே சிஸ்டம்32-இல் போட்டீர்கள். உங்கள் 32 பிட் விளையாட்டோ சிஸ்வாவ்64-இல் தேடிக்கொண்டிருக்கிறது. போட்டதை அழித்துவிட்டு, 2010 ஜூன் மாத டைரக்ட்எக்ஸ் தொகுப்பை நிறுவுங்கள்.

கேள்வி: எங்கள் அச்சகத்தின் விஷுவல் பேசிக் 6 நிரல் எம்எஸ்காம்சிடிஎல்.ஓசிஎக்ஸ் இல்லை என்கிறது. விண்டோஸ் 11 இந்த மொழியையே கைவிட்டுவிட்டதா?

பதில்: இல்லை. அதன் அடிப்படை இயக்கக் கோப்பு விண்டோஸ் 11-உடனேயே வருகிறது. பொத்தான், பட்டியல் போன்ற திரை உறுப்புகளைத் தரும் ஓசிஎக்ஸ் கோப்புகளை மட்டும் நிரலின் நிறுவி கொண்டுவர வேண்டும். பழைய கணினியிலிருந்து நிரலின் கோப்புறையை மட்டும் நகலெடுத்திருப்பீர்கள் என நினைக்கிறேன். மூல நிறுவியை நிர்வாகி உரிமையுடன் ஓட்டுங்கள். நிறுவி தொலைந்துபோயிருந்தால், பழைய கணினியில் உள்ள அதே ஓசிஎக்ஸை சிஸ்வாவ்64-இல் வைத்து, அங்குள்ள ரெக்எஸ்விஆர்32 என்னும் பதிவுக் கருவியால் விண்டோஸில் பதிவுசெய்யுங்கள்.

கேள்வி: 16 பிட் டாஸ் நிரலுக்கு எந்தக் கோப்புறை?

பதில்: எதுவும் இல்லை. 64 பிட் விண்டோஸ் அதை ஓட்டாது, பழைய டாஸ் சூழலைப் போலவே நடிக்கும் டாஸ்பாக்ஸ் நிரலைப் பாருங்கள்.

கேள்வி: முதல் கேள்வி கேட்டவன் நான்தான். எக்ஸ்புளோரரில் சிஸ்நேட்டிவ் என்ற கோப்புறையே இல்லையே?

பதில்: எக்ஸ்புளோரர் 64 பிட் நிரல். அதற்கு அந்தப் பெயர் தெரியாது. நான் சொன்ன சிஎம்டி சாளரத்திலிருந்து தேடுங்கள்.