அபரோலுக்கு மாற்றாக, மது இல்லாத பானம் எது?

அபரோல் என்ற இத்தாலிய மதுவின் கசப்பு ஆரஞ்சு ருசி வேண்டும், அதிலுள்ள 11% ஆல்கஹால் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் சொல்வது குரோடினோ. இத்தாலியில் 1960களிலிருந்தே விற்கிறார்கள். 10 சென்டிலிட்டர் குட்டிப் பாட்டில், ஆரஞ்சு கலந்த பொன்னிறம். முதல் மடக்கில் இனிப்புதான் தெரியும். விழுங்கிய பிறகு அடிநாக்கில் வேர்க் கசப்பு மெல்ல ஏறும். பெரிய கிளாஸில் நிறைய ஐஸ், ஒரு ஆரஞ்சுத் துண்டு போதும். சோடா ஊற்ற வேண்டாம், அதிலேயே வாயு உண்டு.

கம்பாரி என்ற இத்தாலியக் கசப்பு மதுவைப் போலச் சிவப்பாக வேண்டுமா? மது இல்லாத சான்பிட்டர் வாங்குங்கள்.

இரண்டும் கிடைக்கவில்லையா, சரி, டானிக் வாட்டரில் கொஞ்சம் ஆரஞ்சுச் சாறு கலக்கலாம். அதன் கசப்பு குயினைனிலிருந்து வருவது. குயினைன் சின்கோனா மரப்பட்டையில் இருப்பது. அபரோலிலும் சின்கோனா சேர்கிறது, அதனால்தான் ருசி ஒத்துப்போகிறது. அப்புறம், ஆரஞ்சுத் தோல் ஒரு கீற்றை கிளாஸுக்கு மேலே பிடித்து மடக்கி அழுத்துங்கள். எண்ணெய் பொடிப்பொடியாகத் தெறிக்கும். பாதி ருசியே அந்த மணத்தில்தான் இருக்கிறது.

கசப்புக்காகச் சிலர் அங்கோஸ்டுரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாரத்தைச் சொட்டுவார்கள். அதில் ஆல்கஹால் 44.7%. மதுவை அறவே தவிர்ப்பவர் என்றால் அதைத் தொடாதீர்கள்.